கடைமடைக்கு எந்த நெல்: மாப்பிள்ளைச் சம்பாவா, சப்-1ஆ?

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்ட பயிர் முழுகுவது வாடிக்கையாகிவிட்டது. அதனால் கடந்த இரண்டு சம்பாப் பருவத்திலும் ஏழு மாவில் (ஒரு மா ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) பாரம்பரிய நெல்லான மாப்பிள்ளைச் சம்பாவும், ரோட்டோர மேட்டுக்கு ஒரு மா, பள்ளத்துக்கு ஒரு மா என்று வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 ரகமும் போட்டுப் பார்த்தேன்.

விளைச்சலில் சப்-1தான். மழை அளவாகப் பெய்த முதல் வருஷம் மாவுக்குப் பத்து மூட்டை கண்டது; மாப்பிள்ளைச் சம்பா ஆறைத் தாண்டவில்லை. கொள்முதல் நிலையத்திலும் சிக்கல் இல்லை. சிவப்பரிசியான மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நாம்தான் ஆள் தேட வேண்டும். வயசு இரண்டுக்கும் ஐந்து மாதம்.

எனக்கு முடிவைச் சொன்னது இரண்டாம் வருஷத் தண்ணீர். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்ததுதான் சப்-1 மரபணு. பயிர் முழுகியதும் உயரம் போகாமல் சத்தைச் சேர்த்துவைத்து அடங்கியிருக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். வந்த வெள்ளம் வடிகிற நிலத்துக்கு அருமையான நெல். எங்கள் பள்ளத்தில் வடிய வேண்டுமே! வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. கடல் ஏற்றத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறும். முழங்கால் தண்ணீர் ஒரு மாசம் நின்றது. அங்கிருந்த சப்-1 குட்டையாகவே நின்று, தூர் கட்டாமல் நாலு மூட்டையோடு முடிந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா தண்ணீரோடு போட்டிபோட்டு உயர்ந்தது. காலையில் போனால் சேறு படிந்த தாளுக்கு மேலே ஒரு சாண் பச்சைத் தோகை தெரியும். அதில் ஐந்து மூட்டைக்குக் குறையவில்லை. ஆளுயர வைக்கோல் மாட்டுக்கு ஆச்சு.

சாய்வதுதான் அதன் குறை. யூரியா போட்டால் தைமாசக் காற்றில் படுத்துவிடும், அறுவடை மிஷின் கூலி ஏறும். நான் தொழுவுரத்தோடு நிறுத்திக்கொண்டேன். கதிர் வரும் சமயத்தில் முழுகினால் எது தாங்கும் என்று நான் பார்த்ததில்லை. என் அனுபவம் பயிர்ப் பருவத்து வெள்ளத்தோடு சரி.

மேட்டில் இருக்கும் ஒரு மாவில் இந்த வருஷமும் சப்-1தான். அது வீரிய ஒட்டு இல்லை, சொந்த விதை எடுக்கலாம். மாப்பிள்ளைச் சம்பா விதை எனக்கு பாரம்பரிய நெல் விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் தொடங்கிய ஆதிரங்கம் நெல் திருவிழாவில் கிடைத்தது: இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்காகத் திருப்ப வேண்டும். என் நான்கு கிலோவைக் கொடுத்துவிட்டேன். பள்ளத்து வயல்காரர்கள் கேட்டால் கொடுக்க இன்னும் ஒரு மூட்டை தனியாகக் காயவைத்திருக்கிறேன்.