ஃபாஸ்ட்ஏபிஐ: வேகத்தைவிட எனக்குப் பிடித்த விஷயம்

மருந்து மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. பில் போடுவது ஒரு மென்பொருள், சரக்கு இருப்பு இன்னொன்று, கணக்கு பார்ப்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று பேச நடுவில் ஒரு ஏபிஐ வேண்டும். அதற்கு நான் இப்போது எடுப்பது ஃபாஸ்ட்ஏபிஐ. செபாஸ்டியன் ராமிரெஸ் 2018 கடைசியில் வெளியிட்ட, ஏபிஐ எழுதுவதற்கான பைத்தான் கட்டமைப்பு (ஃபிரேம்வொர்க்). எம்ஐடி உரிமம், காசு கிடையாது.

பெயரிலேயே வேகம் இருக்கிறது. ஆனால் என்னை இழுத்தது ஆவணப் பக்கம்தான். ஒரு ஆர்டரில் என்னென்ன வரும், எது எண், எது எழுத்து என்று பைடான்டிக் (தரவைச் சரிபார்க்கும் பைத்தான் நூலகம்) மாடலாக எழுதிவிட்டால் போதும். சர்வர் முகவரியோடு ‘டாக்ஸ்’ என்று சேர்த்து பிரவுசரில் திறந்தால் எல்லா அழைப்புகளையும் பட்டியலிடும் ஸ்வாகர் ஆவணப் பக்கம் தயார். ஒவ்வொரு அழைப்பையும் அங்கேயே அனுப்பிப் பார்க்கலாம். முன்பு எதிர்த்தரப்பு டெவலப்பருக்கு வேர்டு ஃபைல்தான் போகும். கோடு மாறும், ஃபைல் மாறாது. அப்புறம் யார் பக்கம் தப்பு என்று போனில் வாக்குவாதம். இப்போது மாடலைத் திருத்தினால் பக்கமும் சேர்ந்தே திருந்திவிடுகிறது.

பிழைச் செய்தியும் அருமை. ஆர்டரின் மூன்றாவது மருந்துக்கு எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் ‘பத்து பெட்டி’ என்று வந்தால், நம் ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்பே 422 (‘வந்த தரவு சரியில்லை’) என்ற பிழை எண் திரும்பிப் போகும். பாடி, ஐட்டம்ஸ், 2, குவான்டிட்டி என்று தப்பு இருக்கும் இடம்வரை வழி காட்டும். எண்ணுவது 0-விலிருந்து என்பதால் 2 என்றால் மூன்றாவது வரி. ‘சர்வரில் கோளாறு’ என்று மட்டும் சொல்லும் வெறும் 500-ஐப் பார்த்து லாகைத் (சர்வர் பதிவுகளை) துழாவியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழில் உள்ள கடைப் பெயர்கள் பதிலில் தமிழாகவே போகின்றன, யூனிகோடு எண்களாகச் சிதறுவதில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் சோதிக்கும்போது கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி!

கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ‘அசிங்க்’ (காத்திருக்கும் நேரத்தில் வேறு கோரிக்கையைக் கவனிக்க விடும் முறை) போட்ட ஃபங்ஷனுக்குள் அசிங்க் அல்லாத சாதாரண டேட்டாபேஸ் டிரைவரை அழைத்தால், அந்தக் குவெரி முடியும்வரை அந்த புராசஸில் மற்ற கோரிக்கைகளும் காத்திருக்கும். அசிங்க் இல்லாமல் வெறும் ‘டெஃப்’ என்று எழுதினால் ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி த்ரெட்டில் ஓட்டிக்கொள்கிறது, மற்றவை காத்திருக்கவேண்டாம். புதிதாக வருபவர்கள் முதலில் இதைப் படித்துவிட வேண்டும்.

2023-இல் வந்த பைடான்டிக் 2 இன்னொன்று. உள்பகுதியை ரஸ்ட் மொழியில் எழுதியதால் வேகம் கூடியது, ஆனால் கண்டிப்பும் கூடியது. ‘ஆப்ஷனல்’ என்று குறித்த புலத்துக்கும் இயல்பு மதிப்பு தராவிட்டால் அது கட்டாயமாகிவிடும். எழுத்தாக அறிவித்த போன் நம்பர் எண்ணாக வந்தால் ஏற்காது. பழைய ப்ராஜெக்டை மாற்றுபவர்கள் இந்த இரண்டையும் முதலில் தேடிப் பார்க்கட்டும். கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது: மருந்துக் கணக்கில் ஊகத்துக்கு இடமில்லை.

லாகின், அட்மின் திரை எல்லாம் கையோடு வேண்டுமென்றால் ஜாங்கோ என்ற இன்னொரு பைத்தான் கட்டமைப்பை எடுங்கள். மென்பொருள்களை இணைப்பது மட்டும்தான் வேலை என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். பதிப்பு எண் இன்னும் 0-வில்தான் தொடங்குகிறது, அதாவது புதுப் பதிப்பில் பழைய கோடு ஓடாமல் போகலாம்; அதனால் நூலகங்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் பதிப்பைக் குறித்து வையுங்கள்.