செங்குன்றம் பக்கம் வாங்கிய இரண்டு களாக் கன்றுகள்

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் களா வளர்க்க ஆசை வந்ததற்குக் காரணம் அம்மா. சின்ன வயதில் பொன்னேரிப் பக்கம் ஏரிக்கரைப் புதர்களில் முள் கிழிக்கக் கிழிக்கப் பறித்துத் தின்ற கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நம் பிள்ளைகளுக்கும் களாக்காய் தெரியும், பெயர்தான் தெரியாது. பேக்கரியில் பன் மேலே செர்ரி என்று சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான்.

2023 ஆடியில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூலக்கடை, மாதவரம், புழல் என்று ஜி.என்.டி. சாலையிலேயே போய், செங்குன்றம் பக்கம் ஒரு நர்சரியில் நிறுத்தினேன். பெயர் சொல்லப் போவதில்லை. கன்று 120 ரூபாய், இரண்டு எடுத்தேன். களாதானா என்று கேட்டதற்கு அங்கிருந்த தம்பி ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினார். "பாருங்கக்கா, பால் வருது." நானும் நம்பிவிட்டேன். அரளியைக் கிள்ளினாலும்தான் பால் வரும், களாவும் அந்தக் குடும்பம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய மாட்டெரு கலந்து நட்டேன். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் கொஞ்சம் போதும். உப்புத் தண்ணீரைக்கூட ஓரளவு தாங்குவதால் எங்கள் போர் தண்ணீருக்கு ஒத்துப்போனது. தேங்கிய நீர்தான் ஆகாது. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவு வெள்ளம், மாடியில் பக்கெட் ஓட்டைகள் மண்ணால் அடைத்துக்கொண்டு சேறு. மூன்று நாள் கழித்துத்தான் மேலே ஏற முடிந்தது. இலை மஞ்சளாகிக் கொட்டி, பொங்கலுக்கு அப்புறம் துளிர்த்தது.

துளிர்த்தபோதுதான் இரண்டும் ஒரே செடி இல்லை என்று சந்தேகம். ஒன்றின் இலை நுனி மழுங்கி, சிலவற்றில் லேசாகக் குழிந்திருந்தது. மற்றதன் இலை தடித்துப் பளபளவென்று, நுனியில் ஊசி வைத்தது போல. முள்ளும் கவட்டை போலப் பிரிந்திருந்தது. ஆனால் முள்ளை மட்டும் நம்பக் கூடாது, களாவிலும் சில நேரம் அப்படிப் பிரியும். அந்தத் தடித்த இலைச் செடிதான் முந்திப் பூத்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளைப் பூ. களாப் பூ சிறியது, கொத்தாக வரும், காம்புப் பக்கம் சில நேரம் இளஞ்சிவப்பு ஓடும்.

கிளையை ஒடித்துக்கொண்டு அதே நர்சரிக்குப் போய்க் காட்டினேன். அங்கே இருந்த பெரியவர் பார்த்த உடனே, "இது வேலிக்கு வைக்கிற நேட்டல் பிளம்மா, தென்னாப்பிரிக்காச் செடி," என்றார். அதன் பழத்தையும் தின்னலாம், பழுத்தாலும் சிவப்பாகவே இருக்கும், கறுக்காது. பெரியவர் தம்பி மேல் கோபப்படவில்லை, வேறு கன்று இலவசமாகத் தந்தார். எனக்கு ஒரு வருடம் போனது போனதுதான்.

கன்றுகளின் வேர்க்கட்டு அருமை, பையைக் கிழித்தால் மண் உதிரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் போனால் அந்தத் தம்பியிடம் கேட்காதீர்கள், பெரியவர் இருக்கும் காலை நேரத்தில் போங்கள். பதியன் கன்றா (தாய்ச்செடியின் கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டியது) விதைக் கன்றா என்றும் கேளுங்கள். என்னுடையது பதியன், 2025 மார்ச்சிலேயே பூத்துவிட்டது. விதைக் கன்று இன்னும் காக்க வைக்கும்.

ஆனியில் முதல் காய்கள். பச்சையாகப் பறித்து ஊறுகாய் போட்டேன், நறுக்கும்போது கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. மீதியைக் கறுக்க விட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றை மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஏரிக்கரைப் பழம் இது இல்லடி, அது பட்டாணி அளவுதான் இருக்கும், இலையும் சிறுசு," என்றார். அவர் சொல்வது சிறுகளா, நான் வளர்த்தது பெருங்களா. அடுத்த தடவை போனபோது அந்தப் பெரியவரிடம் சிறுகளா இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதை யாரும்மா காசு குடுத்து வாங்குவா?" என்றார்.