கிள்ளான், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா: பிள்ளைகளோடு குடியேற எது ஏற்றது?

கோலாலம்பூரில் வேலை, வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள், கைக்கு எட்டும் விலையில் ஒரு தரைவீடு என்று கணக்குப் போடும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கியே திரும்புகின்றன. கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, கிள்ளான் ஆகிய மூன்றும்தான் அப்போது பேச்சில் அடிபடுகின்றன. வீட்டு விலையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் விலை இரண்டாவது. ஒரு வேலைநாளில் காலை ஐந்தரை மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை அந்தக் குடும்பத்தில் யார் யார் எங்கே இருப்பார்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. மூன்று நகரங்களும் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிட்ட குடும்பத்திற்குத் தேர்வு உடனே குறுகிவிடுகிறது. தேசியப் பள்ளி ஏறக்குறைய எல்லாத் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) உண்டு, தமிழ்ப்பள்ளி அப்படியில்லை. நம் பள்ளிகளில் பல தோட்டங்களில் தொடங்கப்பட்டவை என்பதால், எங்கே தோட்டம் இருந்ததோ அந்த வட்டாரத்தில்தான் இன்றும் இருக்கின்றன. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியும், பண்டார் உத்தாமாவின் பேரங்காடிகளுக்கும் மாடி வீடுகளுக்கும் இடையே எப்பிங்ஹாம் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியும் இருப்பது அப்படித்தான். பெட்டாலிங் ஜெயாவில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கிளானா ஜெயா பக்கம் சீபோர்ட் பள்ளி இருக்கிறது. ஆனால் கிள்ளானோடு ஒப்பிட்டால் இவை ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பவை. கிள்ளானில் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி, நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. மெதடிஸ்ட், பத்து அம்பாட், ஹைலண்ட்ஸ் என்று அதைச் சுற்றி மேலும் பல பள்ளிகள் உள்ளன. ஒரு பள்ளி ஒத்துவராவிட்டால் வீடு மாறாமலேயே இன்னொரு பள்ளியை நாடும் வசதி மூன்று நகரங்களில் கிள்ளானில் மட்டுமே தாராளமாக இருக்கிறது.

பள்ளியைவிட முக்கியமானது பள்ளி விட்ட பிறகு வரும் நேரம் என்று நான் நினைக்கிறேன். காலை ஏழரை மணிக்குத் தொடங்கும் பள்ளி பகல் ஒன்றரை மணி வாக்கில் முடிந்துவிடுகிறது. தாயும் தகப்பனும் வேலை முடிந்து வீடு திரும்பும்போது மாலை ஏழு மணியாகிவிடுகிறது. இடைப்பட்ட இந்த ஐந்தரை மணி நேரத்தில் பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கலாம், மாதக் கட்டணம் வாங்கும், டிரான்சிட் எனப்படும் பராமரிப்பு மையத்திலும் இருக்கலாம். கிள்ளானில் பல தலைமுறைகளாக நம் மக்கள் நெருங்கி வாழ்வதால், நம் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுத்து, பிள்ளையிடம் தமிழில் பேசி, வீட்டுப்பாடத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியைத் தேடிப் பிடிப்பது அங்கே அரிதன்று. சுபாங் ஜெயாவில் பராமரிப்பு மையங்கள் நிறைய உண்டு, தரமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணத்தைக் கட்டும்போது, கிள்ளான் வீட்டுக்கும் சுபாங் வீட்டுக்கும் உள்ள மாதத் தவணை வித்தியாசத்தோடு இன்னொரு தொகையும் சேர்ந்துகொள்கிறது. பாட்டி தாத்தா கிள்ளானில் இருக்க, பேரப்பிள்ளைகளை சுபாங்கில் வளர்க்க முடிவெடுக்கும் இளந்தம்பதியர் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

போக்குவரத்து என்று வந்தால் கிள்ளான் பின்தங்கிவிடுகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 ஜனவரி முதல் டோல் கட்டணம் இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் காலை ஆறரை மணிக்குமேல் புறப்படுபவர் பத்து தீகா வளைவைத் தாண்டுவதற்குள் பொறுமையை இழந்துவிடுவார். கொமூட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரமும் அதிகம். பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயா நிலையத்தில் எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயிலில் ஏறினால் அதே இடத்தைக் கால் மணி நேரத்தில் அடைந்துவிடலாம். சுபாங் ஜெயா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2016-இல் எல்.ஆர்.டி. தடம் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு சுபாங் ஜெயாவின் யூ.எஸ்.ஜே. பகுதியில் கார் இல்லாமலும் வேலைக்குப் போக முடிகிறது. எல்.ஆர்.டி.யில் பயணிக்க மலேசியர்களுக்கான மை50 பயண அட்டைக்கு மாதம் 50 ரிங்கிட்தான். கணவன் மனைவி இருவரில் ஒருவராவது ரயிலில் போனால் இரண்டாவது கார் தேவையில்லை. இரண்டாவது காரின் தவணையும் பெட்ரோலும் மிஞ்சினால் கொஞ்சம் விலை கூடிய வீடும் கட்டுப்படியாகும். பக்கத்திலுள்ள பூச்சோங் மலிவு என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்: அதன் வழியே செல்லும் எல்.டி.பி. நெடுஞ்சாலையில் ஒரு டோல் சாவடிக்கு 2.10 ரிங்கிட்; மாதம் இருபத்திரண்டு வேலைநாள் போய் வந்தால் 92 ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிடுகிறது.

சுபாங் ஜெயாவின் உண்மையான பலம் அதன் அமைப்பில் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் சீபீல்டு தோட்ட நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம் அது. வரிசை வீடுகளுக்கு இடையே திடல், நடந்து போகும் தூரத்தில் கடைவரிசை, பள்ளி என்று வகுத்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு யூ.எஸ்.ஜே.யின் உட்சாலை ஒன்றில் நின்று பாருங்கள். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் முதியவர், வாசலில் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா என்று தெருவே ஆள் நடமாட்டத்தோடு இருக்கும். பெரும்பாலான வீட்டு நிலங்கள் நிரந்தர உரிமை கொண்டவை என்பது கூடுதல் நிம்மதி. எஸ்.எஸ்.15 பகுதியை மட்டும் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் அங்கே அதிகம், இரவில் சத்தமும் அதிகம், உங்கள் வாசலிலேயே உங்கள் காரை நிறுத்த இடம் கிடைக்காது.

பெட்டாலிங் ஜெயாவில் வாங்குபவர் நிலப்பட்டாவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 1950களில் தொடங்கிய இந்நகரின் பழைய செக்‌ஷன்களில் 99 ஆண்டுக் குத்தகை நிலங்கள் பரவலாக உள்ளன. 1960-இல் தொடங்கிய குத்தகை 2059-இல் முடிகிறது. மீதம் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும், குத்தகையைப் புதுப்பிக்க மாநில அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும், விற்பதென்றால் அதன் ஒப்புதலும் வேண்டும். ஒரே தெருவில் புதுப்பித்த வீடும் புதுப்பிக்காத வீடும் அடுத்தடுத்து இருக்கும். எஸ்.எஸ். என்று தொடங்கும் பகுதிகளில் நிரந்தர உரிமை நிலம் அதிகம், விலையும் அதற்கேற்ப அதிகம். வயதான பெற்றோரை உடன் வைத்திருப்பவர்களுக்கு இந்நகரின் தனிச்சிறப்பு, எல்லையிலேயே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை இருப்பது. சுபாங் ஜெயாவில் தனியார் மருத்துவமனைகளே உள்ளன. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா அரசு மருத்துவமனை உண்டு, கூட்டமும் உண்டு.

வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் கிள்ளான் பக்கம் வீடு வாங்கச் சொல்வது நியாயமாகாது. 2021 டிசம்பரில் பெய்த மழையில், கிள்ளானை ஒட்டி ஷா ஆலாம் எல்லைக்குள் இருக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளம் முழுவதும் மூழ்க, மக்கள் மாடியிலும் கூரையிலும் நின்று படகுக்காகக் காத்திருந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே வாழ்ந்த நம் குடும்பங்கள் ஏராளம். கிள்ளானின் தாழ்வான பகுதிகளில் கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் கால்வாய் நீருக்கு வெளியேற வழியில்லை. ஆகவே வீடு பார்க்கப் போகிறவர் வெயில் நாளில் மட்டும் போகக் கூடாது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலையிலும் போக வேண்டும். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருக்கிறதா, மின்சார பிளக் வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் இருக்கிறதா, சமையலறை அலமாரியின் அடிப்பலகை உப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மழை வந்தால் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் அந்தத் தெரு நல்ல தெரு. ஜொஹான் செத்தியா பக்கம் பார்ப்பவர்கள், வறட்சிக் காலத்தில் அங்கே மட்கிய தாவரங்களால் ஆன கரி நிலம் மண்ணடியில் எரிந்து புகை சூழ்வதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை ஆகாது.

காவலாளி நிற்கும் தாமான் என்பதைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். பழைய தாமானில் குடியிருப்போர் சங்கம் வைக்கும் தடுப்புக் கம்பம் பொதுச் சாலையில்தான் நிற்கிறது, அதற்கான கட்டணமும் விருப்பக் கட்டணமே. புதிய அடுக்குமாடிகளில் பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்து விழுக்காடு, கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதியும் கட்டாயம். வீட்டை வாங்கும்போதே அதை மாதச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். தாத்தா பாட்டி கிள்ளானில் இருந்து, பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகப் போகிறது என்றால், தகப்பன் ரயிலில் கழிக்கும் நேரத்தையும் ஏற்றுக்கொண்டு மேட்டுப் பகுதியில் ஒரு கிள்ளான் வீட்டை வாங்கலாம். உறவினர் துணையின்றி இருவரும் நகரில் வேலை செய்பவர்களுக்கு, எல்.ஆர்.டி. நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள யூ.எஸ்.ஜே. வீடு, சிறியதாக இருந்தாலும், மற்ற இரண்டையும்விட ஏற்றது. பெட்டாலிங் ஜெயாவில் வாடகைக்குக் குடியிருப்பதையே நான் பரிந்துரைப்பேன். பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும் முன் உள்ள சில ஆண்டுகளை அங்கே கழித்து, அந்தக் காலத்தில் மற்ற இரண்டு நகரங்களிலும் சனிக்கிழமைகளில் தெருத்தெருவாகப் பார்த்து வருவது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு கையெழுத்துப் போடுவதைவிடப் பல மடங்கு மேல்.