70% ஆல்கஹால் ஜெல்: ஃபுளூவுக்குச் சரி, பாலர் பள்ளிக்குப் போதாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடையில் வாங்கிய 500 மில்லி பம்ப் பாட்டில். ஃபுளூ, கொரோனா வைரஸ்களுக்கு வெளியே கொழுப்புறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிட்டால் வைரஸால் செல்லில் ஒட்டவே முடியாது. அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்கிறது. ஒரு அழுத்துக்கு வருவதுதான் கஞ்சத்தனம்: இரண்டு அழுத்தி, விரல் நுனி, கட்டைவிரல் எல்லாம் நனைய 20 விநாடி தேய்க்க வேண்டும். ஈரக்கையில் போட்டால் நீர்த்துப்போகும்.

லேபிளில் ‘99.9%’ கிருமிகளைக் கொல்லும் என்று கொட்டை எழுத்து. ஆனால் பாலர் பள்ளிகளில் பரவும் கை, கால், வாய் நோயைத் தரும் எண்டிரோவைரஸுக்குக் கொழுப்புறையே கிடையாது, வெறும் புரத ஓடு. அதனிடம் ஜெல்லின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. கைக்குச் சோப்பும் குழாய்த் தண்ணீரும்தான். பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5% பிளீச் 20 மில்லி. 10 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். கலவையை அன்றன்றைக்கே கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.