விடுதி விதிகள்: வருடக்கணக்காக உள்ளே இருந்து பார்த்ததில்

இளங்கலை, முதுகலை, அப்புறம் ஆராய்ச்சி என்று என் படிப்புக் காலம் முழுக்கப் பல்கலைக்கழக விடுதிகளில்தான் கழிந்தது. மூன்று பேர் அறை, இரண்டு பேர் அறை, கடைசியில் தனி அறை என எல்லாவற்றிலும் இருந்தாயிற்று. விடுதியைப் பற்றிக் கேட்கிறவர்கள் அறை எப்படி, மெஸ் எப்படி, பாத்ரூம் எப்படி என்றுதான் கேட்பார்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். கடைசிவரை உரசிக்கொண்டே இருப்பது விதிகள்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சேரும் நாளில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். கெட்டில் வைத்திருக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இத்தனை மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும், வெளியாள் யாரையும் அறைக்கு அழைத்து வரக் கூடாது என்று எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே அபராதத்தோடு, காரணம் எதுவும் சொல்லாமல் வரிசையாக இருக்கும். என் முதல் குறை இதுதான், மற்ற குறைகள் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. உயிரைக் காக்கிற விதியையும் நிர்வாகத்தின் வசதிக்கான விதியையும் ஒரே குரலில் சொன்னால் மாணவிகளும் இரண்டையும் ஒரே தராசில்தான் போடுவார்கள். ஆணி அடித்து ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அடுத்து கெட்டில் வாங்குவார்கள்.

கெட்டில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 230 வோல்ட்டில் 1500 வாட் கெட்டில் ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறையில் சார்ஜருக்காக இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, கெட்டிலையும் இஸ்திரிப்பெட்டியையும் சேர்த்துப் போட்டால் எம்சிபி (மின்னோட்டம் மிகும்போது தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், யாராவது போய்த் தூக்கிவிட்டு வருவார்கள். எம்சிபி இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் அது விழும். சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்து அந்த ஒரு இடம் மட்டும் சூடேறினால் அதற்குத் தெரியவே தெரியாது. பக்கத்து அறையில் ஒரு சீனியர் அக்கா பிளக்கைப் பிடுங்கியபோது நான் கூட இருந்தேன். ஒரு பின் மட்டும் கறுத்திருந்தது, அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது, சாக்கெட்டின் ஓட்டை ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது, கருகின நெடி வராந்தா வரைக்கும் வந்தது. எம்சிபி அன்றைக்கு விழவே இல்லை. அக்கா அந்தப் பிளக்கை ஒரு நூலில் கட்டி வராந்தா சுவிட்ச்போர்டில் தொங்கவிட்டார். அதற்கப்புறம் எங்கள் தளத்துக் கெட்டில்கள் எல்லாம் வராந்தாவில் இருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு வந்துவிட்டன, யாரும் வற்புறுத்தவில்லை. சுடுதண்ணீர் வேண்டும் என்பது ஒன்றும் ஆடம்பரம் இல்லையே. தளத்துக்கு ஒரு பெரிய சாக்கெட்டும் ஒரு மேடையும் கொடுத்துவிட்டு அறைக்குள் வேண்டாம் என்று சொல்கிற விடுதிகளில் அந்த விதி நடக்கிறது. வெறுமனே பறிமுதல் செய்கிற விடுதிகளில் கெட்டில் அலமாரிக்குள், துணிகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது. வெளியே இருப்பதை விட அது ஆபத்து.

தீ மணி அடிக்கும்போது இறங்கியே ஆக வேண்டும் என்ற விதியும் இதே மாதிரிதான். அமெரிக்காவில் நியூஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், 2000ஆம் ஆண்டு ஜனவரி 19 விடியற்காலையில், போலண்ட் ஹால் என்ற விடுதியில் தீப்பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் பொய் மணி பலமுறை அடித்திருந்ததால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துப் படுக்கையிலேயே இருந்தவர்கள் உண்டு. கட்டடத்தில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அந்த ஆண்டே நியூஜெர்சி மாநிலம் மாணவர் விடுதிகள் அனைத்திலும் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது. விளையாட்டுக்கு மணியை அழுத்துகிறவரைக் கடுமையாகக் கண்டிக்கும் விதியில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து கிடையாது.

பூட்டுகிற கதவுக்குக் கல்லோ செருப்போ முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பது எல்லா விடுதியிலும் நடக்கும். தோழி வரப்போகிறாள், சாவியை மறந்துவிட்டாள், ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும். 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் 19 வயது மாணவி ஒருவர் தன் விடுதி அறையிலேயே கொலை செய்யப்பட்டார். கொலையாளி அந்த விடுதியில் தங்காத இன்னொரு மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் முட்டுக்கொடுத்துத் திறந்து கிடந்ததால் அவனால் உள்ளே வர முடிந்தது. அந்தப் பெண்ணின் பெற்றோர் போராடியதில் 1990இல் ஒரு சட்டமே வந்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வளாகக் குற்றங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று. இதை அந்தத் தாளில் நான்கு வரியில் சொன்னால் போதும், யாரும் கல்லைத் தொட மாட்டார்கள்.

ராகிங் தடை பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், 1997இல் தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்ததும், 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரம் கேட்க ஆரம்பித்ததும் தெரிந்ததுதான். காரணம் தெரிந்திருப்பதால் அந்தப் பத்திரத்தை யாரும் வெறும் சம்பிரதாயமாக நினைப்பதில்லை.

நேரக் கட்டுப்பாடு வேறு கதை. நான் இருந்த ஒரு விடுதியில் நூலகம் மூடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்கு அந்த நேரம் கிடையாது. ஏன் என்று கேட்டால் "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்பார் வார்டன் மேடம். கேட்டுக்கு வெளியே விளக்கு எரியாத சாலையைப் பற்றிச் சொன்னால் அது தன் பொறுப்பில் இல்லை என்பார். இந்த மாதிரி விதிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பாரீஸ் பக்கத்தில் இருக்கும் நான்டேர் வளாகமே சாட்சி. ஆண்கள் பெண்கள் விடுதிக்குள் போகக் கூடாது என்ற விதியை எதிர்த்து 1967 மார்ச்சில் மாணவர்கள் அங்கே பெண்கள் விடுதியையே ஆக்கிரமித்தார்கள். அடுத்த வருடம் பிரான்ஸையே உலுக்கிய மே மாதப் போராட்டம் புறப்பட்டதும் அதே வளாகத்திலிருந்துதான். கேரளாவில் மாலை 6 முதல் இரவு 10 வரை போனைத் தொடக் கூடாது என்ற விடுதி விதியை மறுத்ததால் வெளியேற்றப்பட்ட மாணவி ஒருவர் நீதிமன்றம் போனார். இணைய வசதி கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்குப் பிடித்த தீர்ப்பு அது.

அறைக்குள் வந்துவிட்டால் தாளில் இல்லாத விதிகள் தொடங்குகின்றன, என் அனுபவத்தில் நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் இவற்றால்தான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் புதிய மாணவர்களிடம் சில கேள்விகள் கேட்டார்களாம்: புகைப்பீர்களா, படிக்கும்போது பாட்டு கேட்பீர்களா, இரவு நெடுநேரம் விழித்திருப்பீர்களா, பொருட்களை ஒழுங்காக வைப்பீர்களா. அந்தப் பதில்களை வைத்துப் பிரித்தபின் யாருக்கு யார் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்தார்கள். அதைப் பயன்படுத்தி ப்ரூஸ் சசர்டோட் என்ற பொருளாதார அறிஞர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ரூம்மேட்டின் தாக்கம் மதிப்பெண்ணில் தெரிகிறது, எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்பதில் தெரியவில்லை என்கிறது. நான் கண்டதும் அப்படித்தான். யாரும் யாரையும் பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொண்டதில்லை, ஆனால் தூக்கம் கெட்டுத் தேர்வில் சறுக்கியவர்கள் உண்டு.

அந்தக் கேள்விகளோடு நான் அலாரத்தையும் சேர்ப்பேன். ஐந்தரைக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்தது என்று வைத்துவிட்டுத் தூங்குகிறவர் ஒரு அறைக்கு ஒருவர் இருந்தே தீருவார். "உன் அலாரத்துக்கு தினமும் நான்தான்டி எழுந்திரிக்கிறேன்" என்று என் ரூம்மேட் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது சண்டையாகி, அப்புறம் நாங்கள் மூவரும் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டோம். பதினொன்றுக்கு மேல் டியூப்லைட் கிடையாது, மேசை விளக்கு மட்டும். ஒரே அலாரம். இரவில் போன் பேச்சு வராந்தாவில். தேர்வு நேரத்தில் இதை மாற்றிக்கொள்ளலாம். அதைக் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தோம். நாங்களே எழுதியதால் வருடக் கடைசிவரை அதை அநேகமாக யாரும் மீறவில்லை, மீறினாலும் "கதவைப் பாரு" என்று சொன்னால் போதும். முதல் வாரமே, சண்டை வருவதற்கு முன்னால் எழுதிவிடுவது இன்னும் நல்லது.

மூட்டைப்பூச்சி வந்தால் மறைக்கக் கூடாது என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு ஒரு அறையில் மட்டும் மருந்து அடித்தால் அவை சுவர் விரிசல் வழியே பக்கத்து அறைக்குப் போய்விடும், ரத்தம் கிடைக்காமலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இரண்டு பக்கத்து அறைகளையும் சேர்த்து ஒரே நாளில் செய்தால்தான் பலன். வராந்தாவில் யாரோ விட்டுப்போன மெத்தையை எடுத்து வந்து போட்டுக்கொள்வதை அடியோடு விட்டுவிடுங்கள்.

மொத்தத்தில் விடுதி வாழ்க்கையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், தனியாக வாடகை அறையில் இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும் படிப்பும் நட்பும் இதில் பாதிகூட இருந்திருக்காது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். அறையைக் காட்டும்போது பின்படிக்கட்டு எங்கே என்று கேட்டு, கீழே இறங்கி அந்தக் கதவை உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். பெண்கள் விடுதிகளில் அது பல இடங்களில் பூட்டியே கிடக்கிறது, யாரும் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. நேரக் கட்டுப்பாடு தீப் பாதுகாப்பை நேராக வந்து மோதும் இடம் அதுதான். வெளியிலிருந்து திறக்க முடியாமல், உள்ளிருந்து கம்பியைத் தள்ளினால் திறந்துகொள்ளும் கதவுகள் இருக்கின்றன, திறந்ததும் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். யார் போனார்கள் என்று நிர்வாகத்துக்கும் தெரியும், தீ வந்தால் ஆட்களும் வெளியே வந்துவிடுவார்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம், இரவு இரண்டு மணிக்கு அவர் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால் நான் அங்கே பணம் கட்ட மாட்டேன், அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.