விமானியாக விரும்புவோருக்கான கருத்தரங்கு: ஒரு தந்தையின் மதிப்பீடு

2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வந்து இறங்கிய ஏ.ரி.ஆர். 72 பயணிகள் விமானத்தைக் கண்ட நாளிலிருந்து விமானியாகப் போவதாகச் சொல்லிவரும் என் மகன் இப்போது உயர்தரக் கணிதப் பிரிவுப் பரீட்சையை எழுதி முடித்திருப்பதால், யாழ். நகரிலுள்ள வழிகாட்டல் நிலையம் ஒன்று சனிக்கிழமை நடத்திய மூன்று மணித்தியாலக் கருத்தரங்குக்கு அவனை அழைத்துச் சென்றேன்.

விரிவுரையாளரைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. முன்னர் பறப்புப் பயிற்றுநராக இருந்த அவர், தனியார் விமானிக்குரிய பி.பி.எல். அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயதும் 40 மணித்தியாலப் பறப்பும், வர்த்தக விமானிக்குரிய சி.பி.எல்.லுக்கு 18 வயதும் 200 மணித்தியாலமும் (அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150), பயணிகள் விமானத்தின் கப்டனுக்கு வேண்டிய ஏ.ரி.பி.எல்.லுக்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும் வேண்டும் என்பதை வெண்பலகையில் படிப்படியாக எழுதி விளக்கினார். சி.பி.எல். கையில் கிடைத்தவுடன் வேலை காத்திருக்கும் என்ற நம்பிக்கையை அவர் தயங்காமல் கலைத்தது எனக்குப் பிடித்திருந்தது. கருவிகளை மட்டும் நம்பி முகிலுக்குள் பறக்கும் தகுதி, பல இயந்திர விமானத் தகுதி, அதன்பின் ஓட்டப்போகும் விமான வகைக்கெனத் தனியான தகுதி ஆகியவை இருந்தால்தான் துணை விமானியின் இருக்கை கிடைக்கும் என்றும், சிறிய செஸ்னா பயிற்சி விமானத்தில் 200 மணித்தியாலம் பறந்தவர் அந்த அனுமதிப்பத்திரத்தோடு ஏ.ரி.ஆர். விமானத்தில் ஏறி அமர்ந்துவிட முடியாது என்றும் அவர் சொன்னபோது மண்டபம் சற்று அமைதியானது. ஏ.ரி.பி.எல்.லுக்கான 1500 வரை எஞ்சிய மணித்தியாலங்களைப் பலர் பயிற்றுநராகவோ துணை விமானியாகவோ பணியாற்றியே சேர்க்கிறார்கள். தேநீரும் பற்றிஸும் நன்றாகவே இருந்தன.

என் மனக்குறை நிலையத்தின் ஒழுங்குமுறை பற்றியது. சி.பி.எல். பெறுவதற்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடுள்ள பிள்ளைக்கு மற்ற எல்லாத் தகுதியும் இருந்தாலும் பாதை அங்கேயே அடைபடக்கூடும். அப்படியிருக்க, பயிற்சிக்கான பதிவுப் படிவமும் முற்பணப் பற்றுச்சீட்டும் இடைவேளையிலேயே கைமாறின. மருத்துவப் பரிசோதனை பற்றிய பேச்சோ, சாவகச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு தாய் எழுந்து கேட்ட பிறகுதான் வந்தது. கண்ணாடி அணிபவர்கள், திருத்திய பார்வை உரிய அளவில் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்ற நல்ல செய்தியும் அந்தக் கேள்வியால்தான் வெளிவந்தது.

கட்டண விபரமும் அரைகுறையாகவே இருந்தது. பறப்புப் பயிற்சிக் கட்டணம் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்க, பரீட்சைக் கட்டணம், பறப்புப் பயிற்சிப் பள்ளிகள் உள்ள இரத்மலானையில் தங்கும் செலவு, விமான வகைத் தகுதிக்கான பெருஞ்செலவு ஆகியவை கையேட்டில் எங்கும் காணப்படவில்லை. விமானிகளுக்கான சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி தேவை என்பதைச் சொல்லித் தங்கள் ஆங்கில வகுப்பையும் சேர்த்தே விற்க முயன்றார்கள்.

விரிவுரைக்காக ஒருமுறை செல்லலாம். கருத்தரங்குக் கட்டணம் அதற்குத் தகும். பணம் கட்டும் படிவத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எங்களுடையது கையொப்பமின்றி இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் மகனுக்கு நாள் குறிப்பதற்காகக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறேன்.