பழைய மடக்குக் கத்தி: முத்திரையா, உடலமைப்பா?

செய்தவர் யாரென்று தெரியாத கத்தி கையில் கிடைத்தால், எல்லோரும் முதலில் தேடுவது முத்திரையைத்தான். அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அது இருக்கும். துரு மறைத்திருந்தால் எண்ணெய் தடவி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், எழுத்தே போய்விடும். முத்திரை காலத்தையும் காட்டும். 1890-இல் வந்த அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே 'இங்கிலாந்து' என்று சேர்த்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. கேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1970-களின் கத்திகளில் முத்திரையிலுள்ள புள்ளிகளை எண்ணியே ஆண்டைச் சொல்லலாம்.

ஆனால் முத்திரை விற்றவரின் பெயராகவும் இருக்கலாம். நியூயார்க்கின் கமிலஸ் தொழிற்சாலை பிற கடைகளின் பெயரிலும் ஏராளமாகச் செய்து கொடுத்தது. அங்கேதான் உடலமைப்பு உதவுகிறது: நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தின் வடிவம், கைப்பிடியில் பதித்த சின்னத் தகடு, எலும்பில் வெட்டிய கோடுகள், ஆணிகள். பெயர் தெளிவாக உள்ள கத்தியை அருகில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

முத்திரை பாதியாவது தெரிந்தால் அதிலேயே தொடங்குங்கள். அப்புறம் உடலமைப்பு அதற்கு ஒத்துவராவிட்டால், நான் உடலமைப்பைத்தான் நம்புவேன். அலகை யாராவது மாற்றியிருக்கலாம்.